வெள்ளிக்கிழமை விஜயதசமியும் பெல்ஜிய எஞ்சினும்

என் கணவருக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் கொதிகலன் பரிசோதகர் வேலை. பகலெல்லாம் கொதிகலனைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிற மனிதர் சாயங்காலம் வீட்டில் என்ன செய்வார்? இன்னொரு கொதிகலன் செய்வார். வளைகுடாவில், ஃபஹாஹீல் என்ற ஊரில், எங்கள் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசையில் நாங்கள் சாப்பிட்டு நாலு வருஷமாகியிருந்தது. பெல்ஜியம் நாட்டு ரயில்வே தொடங்கிய காலத்து நீராவி எஞ்சின் ஒன்று, கைக்குழந்தை அளவில், அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். தண்ணீர் ஊற்றி, கேஸ் பற்றவைத்தால் நிஜமாகவே ஓட வேண்டிய எஞ்சினாம்.

இந்தப் பைத்தியத்தைப் பற்றவைத்தவர் அவரோடு வேலை பார்த்த ஒரு பெல்ஜியக்காரர். தன் நாட்டின் முதல் எஞ்சின்களைப் பற்றிய பழைய வரைபடங்கள் அவரிடம் கட்டுக்கட்டாக இருந்தன. அந்த முதல் எஞ்சின்களை இங்கிலாந்தில் செய்து வாங்கினார்களாம். உயரமான புகைபோக்கி, கொதிகலனைச் சுற்றி வரிசையாக மரப்பட்டைகள், நடுவில் பெரிய சக்கரம். ஓட்டுகிறவருக்குத் தலைக்கு மேல் கூரைகூடக் கிடையாது. குளிரிலும் மழையிலும் நின்றபடியே ஓட்ட வேண்டும்.

"இதுக்கு நம்மூரு மாட்டு வண்டி தேவலாம் போலருக்கே," என்றேன். கணவர் வரைபடத்தின் மேல் இன்னும் குனிந்துகொண்டார்.

பெல்ஜியக்காரர் அவ்வப்போது வீட்டுக்கு வருவார். நான் போட்ட காப்பியைக் குடிப்பார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒரு குற்றம் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போவார். மரப்பட்டை அகலம் அதிகம் என்பார். ஐஸ் குச்சிகளை இழைத்து இழைத்து ஒட்டியிருந்த அத்தனையையும் இவர் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். அடுத்த முறை வந்து, பெயிண்ட் பளபளப்பு அதிகம் என்பார். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை, பேச்சுக்குக்கூட, அந்த வாயிலிருந்து வந்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவரோ, பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி, "இன்னைக்கு அவரு மூஞ்சி கொஞ்சம் தெளிவா இருந்துச்சுல்ல?" என்று என்னிடம் கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனிதர் ஏங்குகிறார் என்பது எனக்குத் தெரியும்.

போன வருஷம் பெல்ஜியக்காரர் ஓய்வு பெற்றார். ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். எஞ்சினும் ஒருவழியாக முடிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை பெல்ஜியக்காரர் வீட்டு முற்றத்தில் போட்டிருந்த சின்னத் தண்டவாளத்தில் அதை ஓட்டிக் காட்டுவது என்று ஏற்பாடு. இந்தத் தடவையாவது அந்த வார்த்தை வந்துவிடும் என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் எங்கள் பண்டிகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் பண்டிகை பஞ்சாங்கப்படி வராது, லீவுப்படி வரும். அந்த வருஷம் ஆயுத பூஜை வாரத்தின் நடுவில் விழுந்தது. எல்லோருக்கும் டியூட்டி. வழக்கம்போல நாங்கள் அதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினோம், விஜயதசமியை, எஞ்சின் ஓட்ட வேண்டிய அதே சனிக்கிழமைக் காலைக்கு. இவருடைய சுத்தியல், என் லேப்டாப் இவற்றோடு, நாலு வருஷம் திட்டித் தீர்த்த நானே அந்த எஞ்சினையும் தூக்கி பூஜையில் வைத்தேன். புகைபோக்கிக்குச் சந்தனம், குங்குமம். கொதிகலனுக்கு ஒரு முழம் பூ.

வெள்ளிக்கிழமை காலை நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது கணவருக்குப் போன் வந்தது. விமானத்தை மாற்றிவிட்டார்களாம். பெல்ஜியக்காரர் மறுநாள் விடிவதற்குள் கிளம்புகிறார். இன்றைக்குச் சாயங்காலமே எஞ்சினைக் கொண்டுவர முடியுமா?

கணவர் பூஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முடியாதும்மா. பூஜையில இருக்கு."

கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள் இவர். ஆனால் பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் வரை தொடக் கூடாது என்று சின்ன வயதில் ஏறியது மட்டும் இறங்கவே இல்லை.

"எடுத்துட்டுப் போங்க, நான் சொல்றேன்ல."

"தசமி பூஜை பண்ணாம எப்படி எடுக்கிறது? வேணாம். குடுத்து வைக்கல, அவ்ளோதான். விடு."

எனக்குத் தாங்கவில்லை. கரண்டியோடு வந்து நின்றேன்.

"ஏங்க, நடு வாரத்துல வந்த பண்டிகைய வெள்ளிக்கிழமைக்கு இழுத்துட்டு வந்தோமே, அப்ப சாமி வந்து கேட்டுச்சா? நாளைக்குக் காலைல வர்ற தசமிய இன்னைக்கு மத்தியானத்துக்கு இழுத்தா மட்டும் கேட்டுருமா? போய்க் கையக் காலக் கழுவிட்டு வாங்க!"

சாப்பாட்டுக்கு முன்னால் ஆயுத பூஜை, சாப்பாட்டுக்குப் பின்னால் விஜயதசமி. இரண்டுக்கும் ஒரே சுண்டல். கற்பூரம் அணைந்ததும் எஞ்சினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் காரில் உட்கார்ந்தேன்.

பெல்ஜியக்காரர் வீட்டில் அட்டைப் பெட்டிகளையும் முற்றத்துத் தண்டவாளத்தையும் தவிர எதுவும் மிச்சமில்லை. துண்டைப் பிரித்ததுமே கண்ணாடியை ஏற்றினார். "அசலில் இந்தச் சிவப்புப் புள்ளி கிடையாது," என்றார் ஆங்கிலத்தில். நான் விளக்கம் சொன்னேன். சரி, இருக்கட்டும் என்பதுபோல் தலையாட்டினார்.

கணவர் கேஸைப் பற்றவைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு புஸ்ஸென்று ஆவி கிளம்பி, சக்கரம் தயங்கித் தயங்கி உருண்டு, எஞ்சின் ஓட ஆரம்பித்தது. முற்றத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து நின்றது. நான் கை தட்டினேன். இவர் மூச்சு விடாமல் பெல்ஜியக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்டவாளத்தருகே மண்டியிட்டிருந்த பெல்ஜியக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இடது பக்க சிலிண்டருக்கு ஆவி தாமதமாகப் போகிறது. வால்வைப் பார்," என்றார்.

என் கணவரின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் நாகரிகமெல்லாம் பறந்துபோயிற்று. "நாலு வருஷமா இந்த மனுஷன் ராவும் பகலும் உழைச்சிருக்காரு. போற நாள்லயாவது நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேவிட்டேன்.

அவர் திகைத்துப்போனார். நான் என்ன கேட்கிறேன் என்பதே அவருக்குப் புரியவில்லை போலிருந்தது.

"நல்லா இல்லாத ஒன்றுக்கா," என்றார் மெதுவாக, "நாலு வருஷம் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பேன்?"

கணவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொதிகலனுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார். அதில் தண்ணீர் நிறையவே இருந்தது.