ஒர்னெல்லா ஏற்றுக்கொண்ட மதிப்பெண்

பிப்ரவரி கடைசியில் பனி இளகத் தொடங்கியதும் மற்ற ஊர்களில் வீட்டு ஜன்னல்கள் திறக்கும். வட இத்தாலி மலைகளில் இருக்கும் எங்கள் ஸோல்தோ பள்ளத்தாக்கில் வீடுகளே பூட்டப்படும். ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் அப்பாக்களும் அம்மாக்களும் ஜெர்மனிக்குக் கிளம்பிவிடுவார்கள். அக்டோபர் முடிந்துதான் திரும்பி வருவார்கள். வசந்தம் என்றால் எங்கள் குழந்தைகளுக்குப் பூ நினைவுக்கு வராது. வண்டியில் ஏற்றிய பெட்டிகளும், பின் கண்ணாடி வழியாகத் தெரியும் ஒரு கையும்தான் நினைவுக்கு வரும்.

ஒர்னெல்லா அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள். ஆறு வயதில் அத்தை வீட்டு வாசலில் நின்று பார்த்தாள். பத்து வயதில் கன்னியர் மடத்து விடுதியின் மாடியில் நின்று பார்த்தாள். கோடை விடுமுறையில் அவளையும் ஜெர்மனியில் மைன் நதிக்கரையில் அவர்கள் கடை இருக்கும் சின்ன ஊருக்கு அழைத்துப் போவார்கள். அங்கே அம்மா ஃப்ளாவியா கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருப்பாள். யாருக்கு எலுமிச்சை, யாருக்குப் பிஸ்தா என்று கேட்காமலே கொடுப்பாள். பெற்ற மகளுக்குச் செருப்பு வாங்க மட்டும் கால் அளவைப் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த ஒன்று ஒர்னெல்லாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே தங்கிவிட்டது.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பதுவை நகரில் கல்லூரிப் படிப்பின் கடைசி வருஷம். அந்த வசந்தத்தில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. காலையில் வகுப்பு. மதியம் இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு லத்தீன் பாடம். சாயங்காலம் சதுக்கத்து மதுக்கடையில் தட்டு ஏந்தும் வேலை. இவற்றுக்கு நடுவே நவீன வரலாற்றுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும். அது ஜனவரியிலேயே முடிந்திருக்க வேண்டிய தேர்வு. நேருக்கு நேர் கேள்வி கேட்டு, பேராசிரியர் அங்கேயே முப்பதுக்கு இத்தனை என்று சொல்வார். பிடிக்காவிட்டால் மாணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த முறை மறுபடி வரலாம். ஜனவரியில் இருபத்தாறு கொடுத்தார்கள். "வேண்டாம்" என்று எழுந்து வந்துவிட்டாள். இருபத்தெட்டுக்குக் கீழே அவள் எதையும் தொட்டதில்லை. மகளின் மதிப்பெண்களை வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவது அப்பா லோரிஸின் வழக்கம்.

"இருபத்தாறை வேண்டாம்னு சொன்ன ஒரே பைத்தியம் நீதான்டி" என்றாள் அறைத்தோழி ரொசல்பா. தெற்கே புலியாவின் கடற்கரைக்காரி. வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "எனக்கு அதைக் குடுத்திருந்தா பேராசிரியர் கன்னத்துல முத்தம் குடுத்திருப்பேன்."

"உனக்கு பத்தொன்பது குடுத்தப்பவே குடுக்கப் போனியே."

"சந்தோஷம் வந்தா அளவு பாப்பாங்களா?"

இந்த ரொசல்பாதான் கோடைத் திட்டத்தின் காரணகர்த்தா. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாசமும் அவள் வீட்டில், கடற்கரையில். இத்தாலியில் பிறந்து வளர்ந்த பெண் ஆகஸ்டில் ஒரு நாள்கூடக் கடலைப் பார்த்ததில்லை என்று கேட்டதும் ரொசல்பா நிஜமாகவே அழுதுவிட்டாள்.

"ஆகஸ்ட்ல நீ என்னடி பண்ணுவே?"

"ஏப்ரன் கட்டிக்கிட்டு மேஜை துடைப்பேன்."

"இந்த வருஷம் என் கூட வர்றே. உங்க அம்மாகிட்ட ஏதாவது சொல்லு."

ஒர்னெல்லா சொன்னாள். ஜூனில் வரலாறு முடியவில்லையென்றால் ஜூலையில் மறுபடி தேர்வுக்குப் போக வேண்டும், அதற்குப் பிறகு ஆய்வுக்கட்டுரை, அதனால் வர முடியாது என்று. அம்மா கோபித்துக்கொள்வாள், கெஞ்சுவாள், "நீ இல்லாம எப்படிடீ" என்பாள் என்று காத்திருந்தாள். உண்மையில் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்தப் பொய்யையே சொன்னாள்.

"படிப்புதானே முக்கியம். நீ வராதே" என்றாள் ஃப்ளாவியா. அவ்வளவுதான்.

வைத்த போனைப் பார்த்துக்கொண்டு ஒர்னெல்லா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள்!

தாய்க்கும் மகளுக்கும் நடுவே ஒரே ஒரு இழை இருந்தது. ஃப்ளாவியா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் கதை என்றால் உயிர். காலையில் கடை திறக்கும் முன் தட்டுகளில் ஐஸ்கிரீமை நிரப்பும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். நகர நூலகத்திலிருந்து எடுத்து வந்து தான் படிக்கும் நாவலை ஒர்னெல்லா தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள். அந்த வசந்தத்தில் அவள் படித்தது ஒரு தடித்த நாவல். தெக்லா என்ற ஒருத்தி கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கப்பலில் சமையல் வேலைக்குப் போகிறாள். துணி துவைக்கும் கடையில், டிராமில், மதுக்கடையின் பின்கட்டில் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் ஒர்னெல்லா அதைப் படித்தாள்.

"அந்தப் பாவி கப்பல்ல ஏறிட்டாளா?" என்று ஃப்ளாவியா கேட்பாள்.

"ஏறிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல."

"பாத்திருப்பா. எழுதினவனுக்குத் தெரியாம இருக்கும்."

"எழுதினது பொம்பளைம்மா."

"அப்ப வேணும்னே விட்டிருப்பா."

ஏப்ரல் முழுக்க இப்படிச் சிரிப்பும் சண்டையுமாகப் போயிற்று. 'வராதே' என்ற வார்த்தை வந்த பிறகு ஒர்னெல்லாவின் குரலில் மட்டும் ஏதோ மாறியது. கதையில் மகள் வளர்ந்துவிட்டாள், அம்மாவைத் தேடித் துறைமுகத்துக்குப் போகிறாள். அன்று காலை ஒர்னெல்லா வெடுக்கென்று சொன்னாள்.

"அவ மன்னிக்கவே மாட்டாம்மா. அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் மன்னிக்க மாட்டா."

ஜெர்மனியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"புத்தகத்துல அப்படியா போட்டிருக்கு?"

"இன்னும் முடிக்கல."

"முடிக்காம உனக்கு எப்படித் தெரியும்?"

ஒர்னெல்லா போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலை போன் வந்தது. அம்மா வானிலையைப் பற்றிக் கேட்டாள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். கதையைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை. தெக்லாவின் மகள் துறைமுகத்திலேயே நின்றுவிட்டாள். ஒர்னெல்லாவும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

ஜூன் பிறந்தது. தேர்வுக்குச் சில நாள் இருக்கும்போது அப்பா கூப்பிட்டார். அவர் தானாகக் கூப்பிடுகிற ஆள் இல்லை.

"அம்மா குளிக்கப் போயிருக்கா. சீக்கிரம் சொல்றேன், கேளு. அவ வலது மணிக்கட்டு வீங்கிப் போச்சு. கரண்டியைப் பிடிக்க முடியல. இடது கையால போட்டுக் குடுக்கறா. பாக்கறவங்க சிரிக்கறாங்க, அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கறா."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"சீசன் முடியட்டும்னு சொல்றா. வேலைக்கு இருந்த பையனும் போயிட்டான். நான் சொன்னேன்னு சொல்லிடாதே. உன்ன வரச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா." கொஞ்சம் நிறுத்தி, "நான் வரச் சொல்லல. ஞாபகம் வச்சுக்கோ" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தோணியார் திருநாளன்று நகரம் முழுக்க லில்லிப் பூ. ஒர்னெல்லா பேராலயத்தில் கூட்டத்தோடு நின்றாள். காணாமல் போன பொருளை மீட்டுத் தருபவர் அந்தோணியார். எதைக் கேட்பது என்று தெரியாமல் அங்கிருக்கும் அவருடைய கல்லறையில் கையை வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் தேர்வு. அறையின் பின் வரிசைகளில் காத்திருக்கும் மாணவர்கள், என்ன கேள்வி வருகிறது என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். ரொசல்பா துணைக்கு வந்து முதல் வரிசையிலேயே உட்கார்ந்தாள். பேராசிரியை ப்ரெஸ்ஸான் நல்ல மனுஷி, ஆனால் புன்னகை செய்துகொண்டே ஆளை மூழ்கடிப்பவர். முதல் கேள்விக்கு ஒர்னெல்லா அழகாகப் பதில் சொன்னாள். இரண்டாவது கேள்வி, மலைக் கிராமங்களிலிருந்து பருவ வேலைக்குப் புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி. அவளுக்குப் புத்தகம் தேவையில்லாத பாடம். ஆனால் வாயைத் திறந்ததும் கண்ணுக்குள் வீங்கிய ஒரு மணிக்கட்டு வந்து நின்றது. வருஷங்கள் குழம்பின. சட்டங்களின் பெயர் மாறிப் போயிற்று. சொன்ன வாக்கியத்தையே மறுபடி ஆரம்பித்தாள்.

"தண்ணி குடிக்கறீங்களா?" என்றார் பேராசிரியை.

"வேண்டாம்."

"இருபத்திமூணுதான் குடுக்க முடியும். ஜனவரியில இருபத்தாறை வேண்டாம்னு சொன்னது நீங்கதானே?" குரலில் பரிவு இருந்தது. "ஜூலைல வாங்க. நல்லாப் பண்ணுவீங்க. வேண்டாம்னு போட்டுடவா?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரொசல்பா 'வேண்டாம்னு சொல்லு' என்று தலையை ஆட்டினாள்.

எவ்வளவு சுலபம்! 'வேண்டாம்' என்றால் மானம் தப்பும். அம்மாவிடம் சொன்ன பொய் உண்மையாகிவிடும். கடலும் கிடைக்கும். 'சரி' என்றால் சராசரி சரியும், அப்பாவின் பெருமை போகும், கையில் ஒரு சாக்குகூட மிஞ்சாது. இந்தக் கோடையில் அம்மாவிடம் போகாமல் இருக்க எந்தக் காரணமும் இருக்காது.

"எடுத்துக்கறேன்" என்றாள் ஒர்னெல்லா.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "நிச்சயமாவா?"

"நிச்சயமா."

முற்றத்துக்கு வந்ததும் ரொசல்பா பாய்ந்தாள். "அடிப்பாவி! இருபத்தாறை விட்டவ இருபத்திமூணை எடுப்பாளா? உனக்குச் சுரம் அடிக்குதா?"

"ரொசல்பா, நான் கடலுக்கு வரல."

ரொசல்பா அவள் முகத்தைப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. "எங்கம்மா உனக்காகக் கட்டில் வாங்கிட்டா தெரியுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

ஒர்னெல்லா போனை எடுத்தாள். கடையில் கூட்ட நேரம். இருந்தும் முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள்.

"என்னடீ ஆச்சு?"

"இருபத்திமூணு."

"போகட்டும். வேண்டாம்னு சொல்லிட்டேல்ல?"

"எடுத்துக்கிட்டேன்."

"ஏன்?"

"சும்மா பொய் சொன்னேன்மா. ஜூலைத் தேர்வு, கட்டுரை எல்லாம் சாக்கு. ரொசல்பா கூடக் கடலுக்குப் போறதா இருந்தேன். போகல. ஞாயித்துக்கிழமை கிளம்பி அங்க வர்றேன். உன் கையைப் பத்தித் தெரியும்."

"லோரிஸ்!" என்று ஃப்ளாவியா அந்தப் பக்கம் அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். "நான் ஒண்ணும் சொல்லல" என்ற அப்பாவின் குரல் தூரத்தில் கேட்டது.

"நீ கடலுக்குப் போ" என்றாள் ஃப்ளாவியா. "இங்க ஆள் கிடைச்சாச்சு. இந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி, நல்ல கெட்டிக்காரி. திங்கக்கிழமை வர்றா. கடைக்கு நீ வேண்டாம்."

ஒர்னெல்லா முற்றத்துத் தூணில் சாய்ந்தாள். மானத்தை விட்டு, கடலை விட்டு, சிநேகிதியை அழ வைத்து, கடைசியில் அதுவும் வேண்டாமா? இருபத்திரண்டு வருஷமாக அடக்கி வைத்தது எல்லாம் உடைந்துகொண்டு வந்தது.

"எப்பவும் கடைக்குத்தான்மா! கடைக்கு ஆள் வேணும்னா வா, ஆள் கிடைச்சா வராதே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது எனக்கு நீ வேணும்னு சொல்லியிருக்கியா?"

அந்தப் பக்கம் குழந்தைகளின் சத்தம், கிண்ணங்கள் மோதும் சத்தம். பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது. சத்தமெல்லாம் அடங்கியது. ஃப்ளாவியா பின்கட்டு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"சொல்ல எனக்கு என்னடீ உரிமை இருக்கு?" என்றாள். குரல் கம்மியிருந்தது. "உன்ன விட்டுட்டு வந்தவ நான். வான்னு கூப்பிட்டு, நீ வரலைன்னா தாங்க மாட்டேன்னுதான் கடையைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். கடைன்னா நீ வந்தே."

ஒர்னெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடைக்கு வேண்டாம்" என்றாள் ஃப்ளாவியா மறுபடியும். மூச்சு வாங்கினாள். "எனக்கு வா. எனக்காக வா, கண்ணு. மேஜை துடைக்க வேண்டாம். நீ பாட்டுக்கு உக்காந்து படி. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தூணில் சாய்ந்தபடியே ஒர்னெல்லா கீழே உட்கார்ந்துவிட்டாள். போனைப் பிடித்தபடி அழுதாள். ரொசல்பா ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்ன ஏது என்று கேட்காமலே தானும் அழ ஆரம்பித்தாள்.

"இருக்கியா?" என்றாள் அம்மா பதறி.

"இருக்கேன்மா. வர்றேன்."

"ஞாயித்துக்கிழமை எதுக்கு?" என்றாள் ஃப்ளாவியா. "நாளைக்கே கிளம்பு."