இரண்டரை அடி

எங்கள் தெருவில் எல்லாரும் அவரை டைலரம்மா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலை ஒட்டி இரண்டு தையல் மிஷின், சுவரில் ஆளுயரக் கண்ணாடி, மூலையில் அளவு கொடுப்பதற்குத் திரை போட்டு மறைத்த சின்ன இடம். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் சீருடை தைக்க வருகிறவர்களால் அந்த அறையில் கால் வைக்க இடம் இருக்காது. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வாசலில் நிற்பவளோடு சண்டையும் போடுவார் டைலரம்மா. ஒரு ஊசிகூடக் கீழே விழாது.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வண்டியில் அத்தனை பேரையும் அதட்டுகிறவர், வீட்டுக்குள் வந்தால் பெட்டிப்பாம்பு. "அங்க நான் டிரைவர், இங்க அவ டிரைவர்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் புகுந்த அன்று, அவர் வண்டியோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டோம். டைலரம்மா மட்டும் வரவில்லை. தைக்க வந்த துணிகளை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். கத்திக் கூப்பிட்டதற்கு, "அடுத்தவங்க துணி. நனைஞ்சா நான் என்ன பதில் சொல்றது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கடைசியில் இடுப்பளவுத் தண்ணீரில் தட்டுத்தடுமாறி வந்தபோது, அடியில் கிடந்த ஏதோ தகரம் குதிகாலைக் கிழித்துவிட்டது. ஒரு துணியைச் சுற்றிக்கொண்டார். துணிக்கா அவரிடம் பஞ்சம்.

தண்ணீர் வடிந்ததும் சேறு வாரும் வேலை. காலைப் பற்றி யாருக்கு நினைப்பு? அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை. வலிக்கவில்லை என்பதால் ஆறிவிட்டது என்று நினைத்திருக்கிறார். மகள் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தபோது பாதம் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் வைக்கலாமா என்று கேட்டதற்கு, முதலில் புண் ஆறட்டும், சர்க்கரை அடங்கட்டும், மற்ற காலிலும் உணர்ச்சி குறைவாக இருக்கிறது, இப்போதைக்குச் சக்கர நாற்காலிதான் என்றார் டாக்டர்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் டிரைவர் பகலில் வீட்டைப் பார்க்க வருவார். பார்க்க என்ன இருந்தது? சமையலறையில் பலகை அலமாரிகள் ஊறி ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தன. ஃப்ரிட்ஜைக் கவிழ்த்தால் சேறு கொட்டியது. சுவரில் நெஞ்சு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கறை, வீடு முழுக்க ஒரே மட்டத்தில். கையால் தட்டினால் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. ஒருநாள் அவர் சமையலறை நடுவில் வெறுமனே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். கையில் ஒரு கரண்டி. எதற்கு எடுத்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பேசினார். "மொத்தத் தரையையும் தூக்கிடுங்க. இனி ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது."

"இரண்டரை அடி தூக்கலாம் சார். கூரைக்குக் கீழ இடம் இருக்கு. வாசல்ல நாலு படி வெச்சுடலாம்" என்றார் மேஸ்திரி.

டிரைவர் சரி என்று தலையாட்டினார். மகளும் போனில் சரி என்றாள். நாலு படி என்ற வார்த்தை மூன்று பேர் காதிலும் விழுந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

டைலரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வீட்டுக்குப் போனார். வீட்டைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்டு, தரை எதுவரை வரும் என்று காட்டினார். அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கோட்டைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"நான் எப்படி ஏறுவேன்?"

மேஸ்திரி கையிலிருந்த நூலைச் சுற்ற ஆரம்பித்தார்.

மகள்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்பா, தரையைத் தூக்க வேணாம். இருக்கற மாதிரியே விட்டுடுங்க. டைல்ஸ் மட்டும் மாத்திக்கலாம்."

"மறுபடியும் தண்ணி வந்தா?"

"வந்தா பாத்துக்கலாம்ப்பா. வருஷா வருஷமா வரும்?"

"நான் டூட்டியில இருப்பேன். நீ உன் வீட்ல இருப்பே. ஓட முடியாதவளைத் தனியா வெச்சுக்கிட்டு என்னம்மா பாத்துக்கறது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. முகம் செத்துப்போயிற்று. டைலரம்மா பதிலுக்குப் பதில் கொடுக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "வண்டியைக் கூப்பிடு, போலாம்" என்றார் மகளிடம்.

வேலை நின்றுபோனது. சாய்தளம் கட்டினால் என்ன என்று டிரைவர் கேட்டார். இரண்டரை அடி உயரத்துக்கு நாற்காலி வழுக்காமல் ஏற வேண்டுமென்றால் சாய்வு முப்பது அடி ஓட வேண்டும், வாசலில் எட்டடிகூட இல்லை என்றார் மேஸ்திரி. செங்குத்தாகக் கட்டினால் ஏற்றுகிறவரும் சேர்ந்து விழ வேண்டியதுதான். பின்பக்கம் அடுத்தவர் சுவர். டிரைவர் போய்க் கேட்டும் பார்த்தார். அவர்களுக்கே இடம் இல்லை.

வீட்டை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. தண்ணீர் ஏறிய வீட்டை யார் வாங்குவார்கள்? வந்து பார்த்த ஒருவர் சுவர்க்கறையைப் பார்த்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து டைலரம்மாவே மேஸ்திரியை மகள் வீட்டுக்கு வரச் சொன்னார். டிரைவரும் இருந்தார்.

"முன்னறையை இடிச்சா சாய்வுக்கு இடம் கிடைக்குமா?"

மேஸ்திரி யோசித்தார். "வளைச்சுத் திருப்பிக் கொண்டுபோனா தாராளமா கிடைக்கும்மா. ஆனா அது உங்க கடையாச்சே."

"கடை இருந்தது. இப்ப அங்க உப்பின பலகைதான் இருக்கு."

டிரைவர் குறுக்கே விழுந்தார். "அதெல்லாம் வேணாம்மா. நான் உன்னைத் தூக்கிக்கிட்டுப் போறேன். நாலு படிதானே?"

"எத்தனை நாளைக்குத் தூக்குவீங்க? உங்க முதுகு எனக்குத் தெரியாதா? ஒருநாள் முடியலன்னா, நாளைக்குப் போலாம்னு சொல்வீங்க. அப்புறம் அடுத்த வாரம்பீங்க. அப்புறம் நானே கேக்கறதை விட்டுடுவேன்." குரல் உடைந்தது. அதை மறைக்க அதட்டினார். "கடை போனா போகட்டுங்க. என்னை உள்ள போட்டுப் பூட்டிடாதீங்க."

டிரைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை மகள் என்னிடம் பிறகு சொன்னாள்.

சமையலறையை அவரை உட்காரவைத்தேதான் திட்டம் போட்டார்கள். மேடைக்குப் பதில் செங்கலை அடுக்கி, அவர் கை வாகாக வருகிற உயரத்தில் நிறுத்தினார் மேஸ்திரி. அடியில் முழங்கால் நுழைய வெற்றிடம், அலமாரி கிடையாது. தொட்டி ஆழமில்லாதது. சுவிட்சு எங்கே வைப்பது என்பதில்தான் பெரிய வாக்குவாதம். கறைக்கு மேலே வை என்றார் டிரைவர். அங்கே வைத்தால் உட்கார்ந்தவருக்குக் கை எட்டாது.

"தண்ணிக்கு எட்டக்கூடாது, எனக்கு எட்டணும். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு இடம் கண்டுபிடிங்க" என்றார் டைலரம்மா. தரை உயர்ந்ததும் கறை முழங்காலுக்கு இறங்கிவிட்டது. அதற்கு ஒரு சாண் மேலே வைத்தார்கள்.

முன்னறையை இடித்த அன்று அந்தம்மா வரவில்லை. கண்ணாடியைப் பத்திரமாகக் கழற்ற டிரைவர் எவ்வளவோ பார்த்தார். பின்பக்கம் பாதரசம் செதில் செதிலாக உரிந்து வந்துவிட்டது. ஒரு மிஷின் துருப்பிடித்து இரும்புக்கடைக்குப் போனது. இன்னொன்று மோட்டார் மாற்றிய பிறகு ஓடியது.

வீடு முடிந்து குடிவந்தார்கள். சாய்தளத்தில் நாற்காலியைத் தள்ளி ஏற்றும்போது டிரைவர், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று பஸ்ஸில் கத்துவதுபோல் கத்தினார். தெருவே சிரித்தது. டைலரம்மாவும் சிரித்தார், கொஞ்சம்.

அதன் பிறகு நடந்தவை அவ்வளவு நன்றாக இல்லை. சீருடை வேலை முழுவதும் ரெடிமேட் கடைக்குப் போய்விட்டது. கூடத்தில் உட்கார்ந்து கிழிசல் தைக்கிறார், புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறார். அளவெடுக்க எழுந்து நிற்க முடியாததால் புதுத் துணி யாரும் கொண்டு வருவதில்லை. நானும் கொண்டு போகவில்லை. தாழ்ந்த மேடையில் அந்தம்மா சமைப்பார் என்று கட்டினார்கள். புண் திரும்பத் திரும்பச் சீழ் வைப்பதால் பாதி நாள் டிரைவர்தான் முதுகை ஒடித்துக்கொண்டு குனிந்து சமைக்கிறார். தினமும் மாலையில் சாய்தளம் வழியாகத் தெருமுனை வரை அழைத்துப் போகிறார். சில நாள் அந்தம்மா பாதியிலேயே, "போதுங்க, திருப்புங்க" என்கிறார். ஆனால் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. சாய்தளத்தின் அடியைத் தொட்டது, அவ்வளவுதான். டிரைவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். எனக்குப் பால் வாங்கி வருகிறேன் என்று பை எடுக்க உள்ளே போனவர் திரும்பவே இல்லை என்று எட்டிப் பார்த்தேன். டைலரம்மா கை நீட்டிக் காட்டக் காட்ட, அரிசி டப்பாவிலிருந்து தலையணை வரை ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார் அவர்.

"தண்ணி வராது டைலரம்மா. வடிய ஆரம்பிச்சாச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார் டைலரம்மா, பரணிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த மிஷினையும் தூக்குங்க."

தெரு காய்ந்து மூன்றாம் நாள்வரை அவர் எதையும் இறக்க விடவில்லை.