பொட்டு வைத்த பிராசசர்

நாளைக் காலை பேத்திக்குக் கம்ப்யூட்டர் வழியாக வேலை இன்டர்வியூ. "புதுக் கம்ப்யூட்டர் மாட்டக் கடைக்காரன் எதுக்கு, நானே மாட்டித் தாறேன் கண்ணு" என்று சொன்னது நான்தான்.

வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மாட்டினேன். காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. நாலு தடவை கழற்றி மாட்டியாயிற்று.

சாமான் வாங்கிய கோயமுத்தூர் கடைக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்கம்மா, பிராசசர்ல, அதானுங்க கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி அந்தச் சதுரச் சில்லுல, ஏதாச்சும் பட்டுருச்சுங்களா?"

"புதுச் சாமானாச்சேன்னு சந்தனப் பொட்டு வெச்சேன் தம்பி. தங்க நிறமா இருக்குதே, அந்தப் பக்கந்தான்."

"ஐயோ, கரண்டு போறதே அந்தப் பக்கந்தானுங்க!"

துடைத்துவிட்டேன். ஆனால் அதை உட்கார வைக்கும் இடத்தில் முடி போன்ற ஊசிகளுக்குள் சந்தனம் ஒட்டியிருக்கிறது. எடுக்கத் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

இன்று மாலை ஐந்து மணி பஸ்ஸில் பேத்தி வருகிறாள். பொட்டு வைக்காமல் வெளியே போகாதே என்று தினமும் அவளைத் திட்டுகிறவள் நான்.