டப்ளினுக்குப் போன பயற்றம் பணியாரம்

போன இலையுதிர் காலம் முழுக்க டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்து விளக்குக் கம்பங்களில் என் முகம் தொங்கியது. நகரசபைத் தேர்தலுக்கு நின்ற தமிழ்ப் பெண் நான்தான். கடற்காகங்கள் குந்தி எச்சமிடாத கம்பங்களாகப் பார்த்து என் கணவர் ஏணி வைத்துக் கட்டினார். இவ்வளவு செய்தும், இன்றைக்கு அந்தத் தேர்தலைப் பற்றி இந்த ஊர்த் தமிழர் யாராவது கதைத்தால், என் பேச்சே வருவதில்லை. என் மச்சாள் நூலகத்தில் எழும்பி நின்று கதைத்த கதையைத்தான் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. மூடி மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே எரிகிறது.

மச்சாள் என்றால் என் தம்பியின் மனைவி. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். நான் இந்த நாட்டுக்கு வந்து, டெனிஷ் இலக்கணத்தைப் பாடமாக்கி, பரீட்சை எழுதி, முதியோர் இல்லத்தில் வேலை எடுத்து, குடியிருப்பாளர் சங்கத்தில் வருசக்கணக்காகக் கூட்டக் குறிப்பு எழுதி ஓர் ஆளானேன். அவள் ஒரு பாலர் பள்ளிக் குசினியில் சமையல் வேலை செய்கிறாள். அவளுடைய டெனிஷில் வினைச்சொல் ஒன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இராது. அதற்கென்ன, சனத்துக்கு அவளைத்தான் பிடிக்கும். ஒரு டிசம்பர் நத்தார் விழாவுக்கு என் வேலையிடத்துக்கு வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு மாதக்கணக்காக, நான் தினமும் குளிக்க வார்க்கிற ஒரு கிழவி, "அந்தச் சிரிக்கிற பிள்ளை இனி எப்போது வரும்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். குளிக்க வார்ப்பது நான், கேட்பது அவளை.

இன்னொன்றும் என் மனதில் முள்ளாகக் கிடந்தது. இரண்டு வருசத்துக்கு முதல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மச்சாள் சின்னப் பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "மச்சாள், உங்கட தூள் கொஞ்சம் தாங்கோவன்" என்றாள். தூள் என்றால் மிளகாய், மல்லி எல்லாம் வறுத்து இடித்த கறித்தூள். எங்கள் பெண்களுக்கு ஆளுக்கொரு பக்குவம் உண்டு. அவளுக்கும் சொந்தத் தூள் இருக்கிறது.

"ஏன், உம்மட தூள் முடிஞ்சுதோ?"

"இல்லை. உங்கட வாசம் வேற."

புகழ்ந்தால் யாருக்குத்தான் உச்சி குளிராது. ஒரு போத்தில் நிறையக் கொடுத்தேன். எங்கே பயணம் என்று கேட்டதற்கு, ஓர்ஹூஸுக்குச் சாறி வாங்கப் போகிறேன் என்றாள். என் மகள் படிக்கிற ஊர் அது. என்னையும் வாருங்கள் என்று ஒரு வாய்ச்சொல்லுக்காவது கேட்கவில்லை. இரண்டு நாள் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தாள். சாறி எங்கே என்றேன், ஒன்றும் பிடிக்கவில்லை என்றாள். என் மகளைக் கூட்டிக்கொண்டு கடை கடையாகத் திரிந்திருப்பாள், நான் வந்தால் குறுக்கே நிற்பேன் என்று விட்டுவிட்டுப் போயிருப்பாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. கன நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அதற்கு அடுத்த வருசம் தம்பி வீட்டில் இடி விழுந்தது. அவர்களுடைய ஒரே மகன் கஞ்சாவில் தொடங்கி, வேறு பொடிகளுக்குப் போய், கடைசியில் துறைமுகத்துப் பக்கம் நடமாடுகிற ஒரு கும்பலுக்குப் பொதி காவுகிறவனாக மாறியிருந்தான். பொலிஸ் வந்து அறையைக் கிளறிய பிறகுதான் தம்பிக்கே தெரியும். வழக்கு முடிந்து, ரண்டர்ஸ் பக்கத்தில் ஒரு சிகிச்சை நிலையத்துக்கு அவனை அனுப்பினார்கள்.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான். குடும்பத்துக்கு மூத்தவள் நான், முடிவு எடுத்தேன். "பொடியன் டப்ளினுக்குப் படிக்கப் போயிட்டான் எண்டு சொல்லுங்கோ. தங்கச்சி வீட்டிலை நிக்கிறான் எண்டால் ஒருத்தரும் கேக்க மாட்டினம்." என் தங்கை குடும்பத்தோடு அங்கே, அயர்லாந்தில் இருக்கிறாள். அவளும் ஓம் என்றாள். மச்சாள் மட்டும் எழும்பி மகனின் அறைக்குள் போனாள். நான் இன்றைக்கும் சொல்கிறேன், அந்த நேரத்தில் அதைவிட நல்ல யோசனை வேறு யாரிடமும் இருக்கவில்லை.

ஆனால் எங்கள் சனத்தின் பெட்டி வழக்கத்தை நான் மறந்துபோனேன். நம்மவர் ஒருவர் வெளிநாட்டுக்குப் போகிறார் என்றால், அங்கே யாருடைய பிள்ளை இருக்கிறது என்று விசாரித்து, "ஏதும் குடுத்து விடுங்கோ" என்று கேட்காமல் போக மாட்டார். கேட்காவிட்டால் அவருக்குக் குறை. கேட்டும் ஒன்றும் கொடுக்காவிட்டால் எங்களுக்குக் குறை, அதோடு சந்தேகமும். கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்து தேவாரம் பாடுகிற அக்கா ஒருவர் உறவினரின் கலியாணத்துக்கு டப்ளின் போனார். பெட்டியில் இடம் இருக்கிறதாம், பொடியனுக்கு என்ன கொண்டுபோக என்று தானாகவே வந்து கேட்டார்.

வேறு வழியில்லை, பயற்றம் பணியாரம் என்கிற எங்கள் ஊர் இனிப்புப் பலகாரம் சுட்டேன். மச்சாளும் வந்தாள். நான் மாவைக் குழைக்க, அவள் உருண்டை பிடித்தாள். மகனுக்கு என்று சொல்லி, மகன் இல்லாத ஊருக்குப் போகிற பணியாரம். ஒவ்வொரு உருண்டையையும் உள்ளங்கையில் வைத்து ஆறுதலாக உருட்டினாள். கெதியாகச் செய்யும் என்று நான் நெருக்கினேன். டப்ளினில் தங்கையின் பிள்ளைகள் பணியாரம் தின்கிற படம் பிறகு எனக்கு வந்தது. அவளுக்குக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தொலைபேசியைத் திருப்பித் தந்தாள்.

இனி நூலகத்துக்கு வருகிறேன். தேர்தலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, போதைப்பொருள், குற்றக் கும்பல், ஊரின் பாதுகாப்பு என்று ஒரு விவாதம் வைத்தார்கள். எல்லாக் கட்சியிலிருந்தும் ஆட்கள். மேடைக் கரையில் இருந்த தடித்த மனிதர் துறைமுகத் தெருக்களிலெல்லாம் கமரா பூட்ட வேண்டும், தண்டனையைக் கூட்ட வேண்டும் என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த இளம் பெண், பிடிபடுகிற பிள்ளைகள் நோயாளிகள், முதலில் வைத்தியம் வேண்டும் என்றாள். ஆளை ஆள் வெட்டிக் கதைத்தார்கள். நான் என் முறைக்குக் காத்திருந்தேன்.

எனக்கு நல்ல ஆயத்தம் இருந்தது. தங்கையோடு மணிக்கணக்காகத் தொலைபேசியில் கதைத்து, அயர்லாந்து நிலவரத்தைச் சேர்த்து வைத்திருந்தேன். அங்கேயும் பாராளுமன்றத்தில் இதே பிடுங்குப்பாடுதான், போதை பாவிக்கிறவன் குற்றவாளியா நோயாளியா என்று. கும்பல்கள் வீட்டுக் கதவைத் தட்டித் தாய்மாரை மிரட்டுகின்றன. சாதாரண சனம் கூட்டம் வைத்து, தங்கள் தெருவைத் தாங்களே காக்கப் பார்க்கிறது. இதையெல்லாம் பிழையில்லாத டெனிஷில் சொன்னேன். டென்மார்க்கும் அயர்லாந்து மாதிரி ஆகிவிடக் கூடாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை தட்டுகிறார்களே என்ற சந்தோசப் புளுகத்தில் இன்னொன்றும் சொன்னேன்: "எங்கள் தமிழ்ச் சமூகத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. நாங்கள் அப்படி வளர்க்கிறோம்."

பின்வரிசைத் தமிழர்கள் நிமிர்ந்து இருந்தார்கள். கேள்வி நேரம் வந்ததும் முதலில் கை உயர்த்தியவர், டப்ளினுக்குப் பணியாரம் கொண்டுபோன அதே அக்கா. டெனிஷில் தொடங்கி, தடுமாறி, தமிழுக்கு வந்துவிட்டார்.

"அயர்லாந்து இவ்வளவு மோசமெண்டால் உங்கட தம்பியின்ர மகனை ஏன் அங்க விட்டிருக்கிறியள்? நான் போன நேரமும் பொடியன் வீட்டிலை இல்லை. பிள்ளை கவனமோ?"

மனுசி உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். அவன் நல்ல இடத்தில் இருக்கிறான் என்று சொல்ல நான் வாயெடுக்க, மூன்றாம் வரிசையில் மச்சாள் எழும்பினாள். மடியில் இருந்த குளிர் ஜாக்கெட் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. தன்னுடைய உடைந்த டெனிஷில் கதைத்தாள்.

"மகன் டப்ளின் இல்லை. மகன் இந்த நாடு. மகன் போதை, மகன் கும்பல். இப்போ வைத்தியம். நான் பலகாரம் செய்தது. பலகாரம் டப்ளின் போனது. மகன் சாப்பிட இல்லை." கொஞ்சம் மூச்செடுத்தாள். "கமரா நல்லது. வைத்தியமும் நல்லது. ஆனால் அதற்கு முன்னால், எனக்கு முதல் நாள் சந்தேகம் வந்ததே, அன்றைக்கு நான் யாருக்குச் சொல்வது? எந்தக் கதவு தட்டுவது?"

டப்ளின் என்ன, பலகாரம் என்ன என்று டெனிஷ்காரருக்கு ஒரு இழவும் விளங்கியிராது. ஆனாலும் அந்தத் தடித்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இளம் பெண் எழுதத் தொடங்கினாள். அதுவரை ஆளை ஆள் கடித்துக்கொண்டிருந்தவர்கள், பெற்றோர் வந்து கதைக்க எங்கே ஓர் அறை திறக்கலாம் என்று கதைக்க ஆரம்பித்தார்கள். எல்லாரும் என் மச்சாளின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். மேடையில் இருந்தது நான்.

எனக்கு அந்த நேரம் வெட்கம் வந்திருக்க வேண்டும். பொய் வெளிப்பட்டுவிட்டதே என்று பயமாவது வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. என் கட்சித் தலைவர் அவளுக்குத் தன் கையால் கோப்பி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்கு அவர் ஒரு நாளும் கோப்பி தந்ததில்லை. சனம் அவளை ஒதுக்கும் என்று நினைத்தேன். கோட் கொழுவுகிற இடத்தில் எங்கள் பெண்கள் சிலர் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி அழுதுகொண்டு அவளுடைய காதுக்குள் ஏதோ சொன்னாள். நான் கோட்டை எடுக்க அவர்களை விலக்க வேண்டியிருந்தது.

தேர்தலில் நான் வெல்லவில்லை. சில வாரத்தில் பெற்றோர் கூட்டமொன்றில் கதைக்க நகரசபை மச்சாளை அழைத்தது. வினைச்சொல் தெரியாதவளை! என் முகம் இருந்த அட்டைகளைக் கணவர் கழற்றிக் கொண்டுவந்து நிலக்கீழ் அறையில் அடுக்கினார்.

பிறகு ஒரு சனிக்கிழமை மகள் ஓர்ஹூஸிலிருந்து என்னைத் தேற்ற வந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள், எங்கள் வீட்டு வழக்கம் அது. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நான் மச்சாளைத் திட்டித் தீர்த்தேன்.

"குடும்ப மானத்தைச் சந்தியிலை வித்துப் போட்டாள். தனக்குப் பேர் வேணும், அதுதான். எனக்கெண்டு ஒண்டு இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. உன்னைக் கூடச் சாறி வாங்கப் போறனெண்டு..."

மகள் கத்தியை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "மாமி அன்றைக்குச் சாறி வாங்க வரவில்லை, அம்மா" என்றாள் டெனிஷில்.

பிறகு சொன்னாள். அந்த வருசம் பரீட்சைக்காக, நித்திரை வராமல் படிக்கிறதுக்கென்று கூடப்படிக்கிறவர்களிடம் ஏதோ மாத்திரை, குளிசை வாங்கிப் போட்டிருக்கிறாள். பிறகு அது இல்லாமல் படிக்க முடியவில்லை, அது போட்டால் படுக்க முடியவில்லை, படுக்க வேறு குளிசை. ஒரு வியாழக்கிழமை, கைநடுக்கத்தில் கதவு பூட்டுகிற திறப்பைக் கூடப் பிடிக்க முடியாமல், மாமிக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். அடுத்த நாள் மாமி சின்னப் பெட்டியோடு வந்து நின்றாளாம். வைத்தியரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். தலை தடவிப் படுக்க வைத்திருக்கிறாள்.

"எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. மாமி உங்கள் தூளில் குழம்பு வைத்தா. 'இது அம்மான்ர கை, சாப்பிடு' என்று சொல்லிச் சொல்லி வாயில் தீத்தினா. அப்போதுதான் சாப்பிட்டேன்."

நான் கதிரையில் குந்திவிட்டேன். பிள்ளை இப்போது சுகமாக என் முன்னால் நிற்கிறது என்ற ஆறுதல் வர முதல், மற்றது வந்துவிட்டது. என் தூளில், என் பிள்ளைக்கு, அவள் தீத்தியிருக்கிறாள். அந்த இரண்டு நாளும் எனக்குரியவை. வாக்கும் வேண்டாம், கோப்பியும் வேண்டாம், அவற்றையெல்லாம் அவள் எடுத்துக்கொள்ளட்டும். அந்த நடுங்குகிற கையால் என் பிள்ளை அழுத்திய தொலைபேசி இலக்கம் அவளுடையது. அதற்கு நான் சாகும்வரைக்கும் பொறாமைப்படுவேன்.

"அவ்வளவு வருத்தத்துக்குள்ளையும் ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் பெத்த தாயெல்லோ?"

மகள் வெட்டிய வெங்காயத்தைக் கூட்டி அள்ளிச் சட்டியில் போட்டாள். என் முகத்தைப் பார்க்காமல், வழக்கத்துக்கு மாறாகத் தமிழில் சொன்னாள்.

"சொல்லியிருந்தால், என்னையும் டப்ளினுக்கு அனுப்பியிருப்பியள், அம்மா."