தார்ப்பாய்க்குள் தெரிந்த நீலப்பொறி

ஒரு பச்சைத் தார்ப்பாய். அதன் அடியில் மெட்டி அணிந்த இரண்டு பாதங்கள், தேய்ந்த ரப்பர் செருப்போடு. கல்லூரி ஆய்வகத்தின் மூலையில் மேசையையும் மேசைமேல் இருந்த சின்ன இன்ஜினையும் தன்னையும் சேர்த்து மூடிக்கொண்டு ஒரு பெண் உள்ளே குனிந்து நிற்கிறார். வெளியே பட்டப்பகல், சித்திரை வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் கொட்டிக் கிடக்கிறது. நான் தார்ப்பாய்க்குள் ஒரு கையை மட்டும் விட்டு, தடவிப் பார்த்து, இன்ஜினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "சுத்துங்க சார், நிறுத்தாம சுத்துங்க" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. அதே நேரத்தில் வாசலில் கல்லூரி முதல்வர் வந்து நிற்கிறார். உள்ளே இருந்தவர் என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் நங்கை என்பது அந்த நிமிடம் வரை கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவன் நான்தான்.

திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள பலரைப் போல எங்கள் அண்ணனும் ரிக் வண்டியோடு வெளி மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தவர். மழைக்காலத்தில் வீடு வருவார், வெயில் ஏறினால் கிளம்பிவிடுவார். ஒரு முறை குழாய் இறக்கும்போது சங்கிலி நழுவி வலது கை நசுங்கிப் போயிற்று. மூன்று விரல்கள் மடங்காமலே நின்றுவிட்டன. அதற்குப் பிறகு அவர் ரிக்குக்குப் போகவில்லை.  ஒரு மாதம் கழித்து நங்கை பீரோவைத் திறந்து, கல்யாணத்துக்கு முன்பு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்து வாங்கிய சான்றிதழை எடுத்தார். அவருடைய அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். படிப்பு முடித்ததிலிருந்து கல்யாணம் வரை, கிணற்று மோட்டார்களுக்கெல்லாம் அந்தக் கடையில் கம்பி சுற்றியது நங்கைதான். நான் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியில் இன்ஜின் ஆய்வகத்துக்கு உதவியாளர் தேவை என்று பலகையில் எழுதிப் போட்டிருந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. அவரே யார் மூலமோ தெரிந்துகொண்டு விண்ணப்பம் போட்டுவிட்டார்.

நேர்காணலுக்கு முந்தைய நாள் நான் அவரிடம் போய் நின்றதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. "நங்கை, காலேஜ்ல நாம சொந்தம்ன்னு சொல்லிக்க வேண்டாங்க. நான் சிபாரிசு பண்ணுனேன்னு பேசுவாங்க" என்றேன். அது பாதிதான் உண்மை. மாணவர்கள் 'சார்' என்று எழுந்து நிற்கும் இடத்தில், என் அண்ணி எண்ணெய்த் துணியோடு மேசை துடைப்பார் என்பது மீதிப் பாதி. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். மீதிப் பாதியும் அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. "சரிங்க தம்பி. அங்க நீங்க சாரு, நான் ஆயம்மா மாதிரி. அவ்வளவுதானுங்களே?" என்றார். கோபமோ கிண்டலோ அந்தக் குரலில் இல்லை. முதல்வர் அரை மனதோடுதான் அவரைச் சேர்த்துக்கொண்டார். "இது இன்ஜின் லேப் அம்மா, மோட்டார் கடை இல்லை. மூணு மாசம் பாக்கலாம்" என்று என் காதுபடவே சொன்னார். மறுநாளிலிருந்து நங்கை பஸ்ஸிலும் நான் பைக்கிலுமாக ஒரே வீட்டிலிருந்து ஒரே கல்லூரிக்குப் போனோம்.

அந்தச் சின்ன இன்ஜின் என் செல்லப்பிள்ளை. அதற்கு முந்தைய வருடம் நான்கு மாணவர்கள் என் மேற்பார்வையில் செய்தது. ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் சக்கரம், எல்லாம் சேர்த்து ஒரு டிபன் கேரியர் உயரம்தான். சுண்டுவிரல் பருமனில் அதற்கென்று ஒரு பிளக். பெட்ரோலில் உண்மையாகவே ஓடும். ஓடும்போது மேசைமேல் தையல் மிஷின் ஓடுவது போல ஒரு சத்தம். கல்லூரி விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுக்க வேண்டும் என்று சொன்னபோது, கண்டபடி தொங்கிய ஒயர்களையெல்லாம் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அழகாக ஒதுக்கிக் கட்டினேன். படம் பிரமாதமாக வந்தது. இன்ஜின்தான் அதற்குப் பிறகு சரியாக ஓடவில்லை. கிளம்பும், ஒரு நிமிடம் ஓடும், தும்மும், நின்றுவிடும். ஆறியதும் மறுபடி கிளம்பும். கொஞ்ச நாளில் அதுவும் நின்று, இரண்டு தடவை பட்பட்டென்று அடித்துவிட்டு அடங்கிப்போகும் நிலைக்கு வந்தது. இதற்கிடையில் வெளியூரிலிருந்து ஓர் ஆய்வுக் குழு கல்லூரியைப் பார்வையிட வருவதாகத் தேதி வந்தது. மாணவர்கள் செய்த இன்ஜின் பத்து நிமிடம் நிற்காமல் ஓடிக் காட்ட வேண்டும் என்று முதல்வர் அறிக்கையிலேயே எழுதிவிட்டார்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பொறி பளிச்சென்று நீலமாக அடித்தது. அப்படியானால் மின்சாரப் பக்கம் கோளாறில்லை, பெட்ரோல் பக்கம்தான் என்று முடிவு கட்டினேன். கார்பரேட்டரை மூன்று முறை பிரித்துக் கழுவினேன். பெட்ரோலை மாற்றினேன். சேலம் போய்ப் புது பிளக் வாங்கி வந்தேன். பொறி இன்னும் பெரிதாக வரட்டும் என்று அதன் இடைவெளியை அகட்டினேன். அதுவும் பலிக்காமல், பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் காந்தத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தேன். எம்.இ. படித்த சக ஆசிரியர்கள் இருவர் வந்து ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவ்வளவையும் நங்கை அடுத்த மேசையில் அளவுகோல்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.  அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழு வர இரண்டு நாள் இருக்கும்போது நான் ஸ்பேனரை மேசைமேல் போட்டுவிட்டு ஸ்டூலில் சாய்ந்துவிட்டேன். ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. நங்கை பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"பிளக்கை வெளிய வெச்சுப் பாத்தா கரண்டு அடிக்குது. உள்ள போட்டா அடிக்குதுன்னு யாரு பாத்தாங்க?"

நான் பிளக்கைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மெதுவாக, என் மனம் புண்படாத குரலில் சொன்னார். "வெளிய இருக்கறப்ப அந்த எடைவெளியத் தாண்டறது லேசுங்க. உள்ள காத்தை அமுக்கறப்ப தாண்டறது கஷ்டம். கஷ்டம்ன்னா கரண்டு வேற வழி தேடுமுங்க. இன்சுலேசன் எங்க நொந்து கெடக்குதோ அங்க எறங்கிப்போயிரும். மோட்டாரு காயிலும் அப்படித்தானுங்க எரியறது. நீங்க எடைவெளிய வேற அகட்டி உட்டீங்க. அதுக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணை மாத்துனா ஓட்டிப் பாத்துட்டு அடுத்ததைத் தொடோணுமுங்க சார். எல்லாத்தையும் ஒட்டுக்கா மாத்திப்புட்டா எது நோவு, எது மருந்துன்னு எப்படித் தெரியும்?" என்றார். பதினோரு வருடம் பாடம் நடத்தியவன் நான். இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

அவர் முதலில் செய்த காரியம், பொறியால் தீப்பிடிக்காமல் இருக்க, பெட்ரோல் தொட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் வராந்தாவில் வைத்ததுதான். கார்பரேட்டரில் மிஞ்சியிருந்ததையும் வடித்து, துடைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். பிளக்கின் இடைவெளியைப் பழையபடி குறுக்கி, உள்ளே போட்டு முறுக்கினார். அதற்குப் பிறகுதான் பெரிய இன்ஜினை மூடி வைக்கும் பச்சைத் தார்ப்பாயை இழுத்து வந்தார். பகல் வெளிச்சத்தில் கசிகிற பொறி கண்ணுக்குத் தெரியாது, இருட்டு வேண்டும் என்றார். நான் சுற்றினேன். பத்து சுற்று, இருபது சுற்று. "தெரியுதுங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் வாசலில் வந்த முதல்வர் நின்றார்.

"என்ன நடக்குது இங்க?"

தார்ப்பாய் விலகி, வேர்த்து விறுவிறுத்த முகத்தோடு நங்கை வெளியே வந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "கண்டுபுடிச்சாச்சுங்க சார். நீங்களே வந்து பாருங்க" என்றார். முதல்வர் என்னைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு உள்ளே குனிந்துவிட்டார். நானும் குனிந்தேன். நங்கை சக்கரத்தைச் சுற்றினார். அந்த இருட்டில், பிளக்குக்குப் போகும் ஒயர் இன்ஜின் உடம்பை ஒட்டி வளையும் இடத்தில், ஒரு தகட்டுக் கிளிப்புக்கும் ஒயருக்கும் நடுவே நூல் போல ஒரு நீலப்பொறி விட்டுவிட்டுத் துடித்தது. கிளிப்பின் ஓரம் ஒயரின் ரப்பரை அழுத்தி அழுத்தி உள்ளே இறங்கியிருந்தது. பிளக்குக்குப் போகவேண்டியதெல்லாம் அங்கேயே வழிந்துகொண்டிருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை நான் படத்துக்காகப் போட்ட கிளிப்.

முதல்வர் வெளியே வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "யாரு போட்டது இந்தக் கிளிப்பை? பசங்களா?"

நங்கை உடனே, "பழைய வேலைங்க சார், யாரு போட்டதோ" என்றார். நான் போட்டது அவருக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் காபி குடித்துக்கொண்டே, ஒயரெல்லாம் எவ்வளவு அழகாகக் கட்டினேன் என்று அண்ணனிடம் பெருமையடித்தபோது அவர் பக்கத்தில்தான் இருந்தார். அவருடைய மூன்று மாதம் முடிய இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. தன்னுடைய வேலை ஊசலாடிக்கொண்டிருந்தபோது என் மானத்தை அவர் மூடி வைத்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான்தான் சார் போட்டேன்" என்றேன். "ரெண்டு மாசமா நான் போட்ட கோளாறை நானே தேடிக்கிட்டிருந்தேன். இவங்க அரை மணி நேரத்துல கண்டுபுடிச்சாங்க." மீதியையும் சொன்னேன். "இவங்க எங்க நங்கைங்க சார். எங்க அண்ணன் சம்சாரம். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சிட்டேன்."

நங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  "நீங்க வெக்கப்பட வேண்டியது கிளிப்புக்கு மட்டும்தான்" என்றார் முதல்வர் என்னிடம். நங்கையின் பக்கம் திரும்பி, "அம்மா, குழு வர்றப்ப இதை நீங்கதான் ஓட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒயரை மாற்றி, கிளிப்பை எறிந்துவிட்டு, இன்ஜினைக் கிளப்பியபோது அது ஓடியது. ஆனால் அவ்வப்போது கார்பரேட்டர் வழியாகப் பட்டென்று திருப்பி அடித்தது. நான் தள்ளி வைத்த காந்தத்தின் வேலை. நங்கை அதைப் பழைய குறிக்குக் கொண்டுவந்து வைத்தார். சத்தம் சீரானது. குழுவின் முன்னால் அது பத்து நிமிடம் அல்ல, பெட்ரோல் தீரும்வரை ஓடியது. குழுவில் ஒருவர் கேள்வி கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. நங்கை தன் பாஷையிலேயே, காயில் கடை உதாரணத்தோடு விளக்கினார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து நங்கை என் பைக்கின் பின்னால் உட்கார்ந்துதான் கல்லூரிக்கு வந்தார். முதல் நாள் வாசலில் இறங்கும்போது மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததே தவிர வேறெதுவும் ஆகவில்லை. இத்தனை நாள் எதற்காகப் பயந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இப்போது நங்கை அந்த ஆய்வகத்தின் பொறுப்பாளர். நடுவில் பகுதிநேரமாக டிப்ளமோவும் முடித்தார். பரீட்சைக்குக் கணக்குப் பாடம் மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டார், அதுவும் வீட்டில், தம்பி என்று கூப்பிட்டு. அண்ணன் இடது கையால் எழுதப் பழகி, ரிக் வண்டிகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம் தன் மனைவியின் வேலையைப் பற்றி, யாரும் கேட்காமலே, கால் மணி நேரம் பேசுகிறார் என்று கேள்விப்படுகிறேன்.

போன மாதம் சேலம் பக்கத்தில் ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. அவர்களிடமும் அதே மாதிரி ஒரு சின்ன இன்ஜின், இரண்டு வாரமாகக் கிளம்பவில்லையாம். நங்கையை அனுப்ப முடியுமா என்று கேட்டு, கூட்டிப்போகக் காரே அனுப்பிவிட்டார்கள். ஓட்டுநர் பின்கதவைத் திறந்துவிட்டார். நங்கை கருவிப் பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் வராந்தாவில் நின்று, கார் கேட்டைத் தாண்டி வளையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்தார். என்ன கோளாறு என்று கேட்க நானும் மற்ற ஆசிரியர்களும் சுற்றி நின்றோம்.

"சின்ன வேலைதானுங்க, சரியாப் போச்சு" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் பைக்கின் பின்னாலிருந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "பேட்டரி சுவிச்சே போடல தம்பி. எல்லாரும் டீ குடிக்கப் போன நேரமாப் பாத்துப் போட்டு உட்டேன். பாவம், காரெல்லாம் அனுப்பிக் கூப்புட்டிருக்காங்க."