கறிக்குப் போன காளைகளின் கடைசி உழவு

நான் முட்டை கூடத் தொடாத ஆள். நான் வாங்கிய பட்டமோ மாட்டுக்கறியின் தரம் பற்றியது. பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளில் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, மூன்றிலும் கேசரி வருவதற்கு முன்பே எழுந்து வந்திருக்கிறேன். நான்காவது வீட்டில் 'கால்நடைத் துறை' என்று சுருக்கிக்கொண்டேன். கல்யாணம் நடந்தது.

அந்தப் பட்டம் எனக்குக் கிடைக்காமல் போயிருக்க வேண்டியது. கிடைத்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் இரண்டு பேர் தென்காசிப் பக்கத்துக்காரர்கள். ஒருவன் கறிக்கடைக்காரன். இன்னொருவர் என் ஆராய்ச்சியைக் கெடுத்தவர்.

முதலில் கறிக்கடைக்காரன். எழுபதுகளின் கடைசியில் தென்காசியில் ப்ளஸ் டூ படித்தபோது அவனும் நானும் ஒரே பெஞ்சு. தவளையை அறுக்கிற நாளில், தவளையின் வயிற்றில் கத்தரியை வைத்ததும் நான் மயங்கிச் சாய்ந்துவிட்டேன். அவன் தன் தவளையை முடித்துவிட்டு என்னுடையதையும் அறுத்து, குண்டூசி குத்தி, இதயம் துடிக்கத் துடிக்கத் தட்டில் வைத்திருந்தான். வாத்தியார் எனக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார். அந்த மார்க்கின் தெம்பில்தான் நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனேன். அவன் படிப்பை நிறுத்திவிட்டு வாப்பாவின் மாட்டுக்கறிக் கடையில் உட்கார்ந்தான். யார் எங்கே போயிருக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். பேசிக்கொண்டதில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் சென்னையில் மேற்படிப்பு. ஊருக்கு வந்த ஒரு நாள் என் ஆய்வு என்ன என்று கறிக்கடைக்காரன் கேட்டபோது கிளப்புக்கடையில் உட்கார வைத்துத்தான் விளக்கினேன். சுவரில் ஒரு போர்டு இருக்கிறது, இருபது பலகாரம் எழுதியிருக்கிறது. அதுதான் ஜீன். எல்லா மாட்டின் தசையிலும் அந்தப் போர்டு உண்டு. ஆனால் போர்டைப் பார்த்து உள்ளே என்ன வேகுதென்று சொல்ல முடியாது. சப்ளையர் மாஸ்டருக்கு என்ன குரல் கொடுக்கிறான் என்று கேட்டால்தான் தெரியும். மாடு நிம்மதியாக நிற்கும்போது ஒரு குரல், களைத்துத் தவிக்கும்போது வேறொரு குரல். எந்தக் குரல் கேட்கிறதோ அதற்கும், கடைசியில் கறி எப்படி வருகிறது என்பதற்கும் உள்ள உறவைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

அவன் ரவாதோசையை முடித்துவிட்டு, "அறுத்த பெறவு குரலை எப்படிலே கேப்ப?" என்றான். என் வழிகாட்டிப் பேராசிரியை கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

அறுத்த சில நிமிடத்துக்குள் அந்தக் குரல் கலைய ஆரம்பித்துவிடும். அதற்கு முன் நகத்தளவு தசையை வெட்டித் திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும். கல்லூரியில் எனக்கு ஒரு சின்ன அலுமினியக் கேன் கொடுத்திருந்தார்கள். அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனால் மூடியோரம் வெள்ளைப் புகை கசியும். எந்தக் கோயிலுக்குச் சாம்பிராணி போடப் போகிறேன் என்று ஒரு ஆச்சி வழிமறித்துக் கேட்டிருக்கிறார். நைட்ரஜன் குறைந்தால் மாட்டாஸ்பத்திரிதான் கதி. அங்கே சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளை வைத்திருந்த பெரிய கேனில் என் குழாய்களுக்கும் ஒரு மூலை ஒதுக்கினார்கள். இனி பிறக்கப்போகும் கன்றுகளும் போய்ச் சேர்ந்த காளைகளும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள்.

அம்மாவிடம் முழு விவரம் சொல்லவில்லை. ஆனால் வாசனை சொல்லிவிட்டது. முதல் நாள், குற்றாலத்தில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்றாள். இரண்டாம் நாள், "நீ பண்ணுத காரியத்துக்கு மெயின் அருவி காணாது, ஐந்தருவிக்குப் போ" என்றாள்.

திட்டம் எளிமையானது. கிழ உழவு மாடுகள் எட்டு. கறிக்கென்று என் பெஞ்சுக் கூட்டாளி ஏற்கெனவே வாங்கியிருந்தவை. நாலு மாடுகளைச் சந்தையிலிருந்து வழக்கம்போல நடத்தியே கொண்டுவந்து மறுநாள் அறுப்பது. மற்ற நாலையும் லாரியில் ஏற்றி வந்து, மூன்று நாள் ஓரிடத்தில் கட்டி, புல்லும் தண்ணீரும் காட்டி, ஓய்வு கொடுத்து அறுப்பது. ஓய்ந்த மாட்டின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு இருக்கும். அறுத்தபின் அது புளிக்கும். மாவு புளித்தால்தானே இட்லி பூப்போல வரும். கறியும் அப்படித்தான்: புளித்தால் நிறம் சிவந்து, பதமாக இருக்கும். உழைத்துக் களைத்த மாட்டில் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கும். கறி புளிக்காது, கறுத்து, பிசுபிசுவென்று விரலில் ஒட்டும், சீக்கிரம் கெடும். இந்த வித்தியாசம் தசையின் குரலிலும் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

ஏற்கெனவே இரண்டு முறை என் மாதிரிகள் வழியில் உருகி வீணாகியிருந்தன. கல்லூரி கடைசி நீட்டிப்பு கொடுத்திருந்தது. இந்த எட்டு மாடுகளில் கோட்டை விட்டால் பட்டம் இல்லை.

ஓய்வு மாடுகளைக் கட்ட இடம் கொடுத்தவர் மேலகரத்தில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி அண்ணாச்சி. அப்பாவுக்குப் பழக்கம். வீட்டுக்குப் பின்னால் செம்மண் தோட்டம், நல்ல நிழல். மாட்டுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓய்வு என்றால் என்ன என்று விளக்கவில்லை. தசைக்குள் போகும் குரலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவனுக்கு அந்த ஒரு சொல்லை விளக்கத் தோன்றவில்லை.

சாரல் மழை நன்றாகப் பிடித்திருந்தது. கார் நெல் சாகுபடிக்கு ஊரே வயலில் நின்றது. மூன்றாம் நாள் சாயங்காலம் மாடுகளைப் பார்க்கப் போனேன். இரண்டு மாடுகள் தேய்த்துக் குளிப்பாட்டியதில் பளபளவென்று நின்றன. மற்ற இரண்டும் அழுக்காக, அசைபோட்டுக்கொண்டு கிடந்தன. மாடுகள் நன்றாக இருந்தனவா என்று கேட்டேன். "ராசா மாதிரி இருந்துச்சு தம்பி" என்றார் அண்ணாச்சி. நோட்டில், 'விலங்குகள் அமைதியாகவும் தூய்மையாகவும் உள்ளன' என்று இங்கிலீஷில் எழுதி அடிக்கோடிட்டேன். இரண்டு மட்டும் ஏன் தூய்மை என்று கேட்டிருக்கலாம். அந்த அறிவு இருந்திருந்தால் தவளையையும் நானே அறுத்திருப்பேன்.

மறுநாள் காலை எட்டும் முடிந்தது. நான் மயங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். உட்கார்ந்தேன், அவ்வளவுதான். நடந்த மாடுகளுக்கு 'நடை', ஓய்ந்தவற்றுக்கு 'ஓய்வு' என்று சீட்டு ஒட்டிக் குழாய்களை நைட்ரஜனில் இறக்கினேன். பிறகு ஒவ்வொரு மாட்டிலும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், கறியின் புளிப்பை மீட்டரில் அளக்கக் காத்திருந்தேன்.

பதினொரு மணி வாக்கில் கூட்டாளி என் துண்டுகளை வரிசையாகப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே வந்தான். இரண்டில் நின்றான். "ஏலே, இந்த ரெண்டும் வேல பாத்த மாடு."

மூன்று நாள் ஓய்வு எடுத்த மாடு என்றேன்.

"ஒன் நோட்டுல எடுத்துருக்கும்."

மீட்டரைக் குத்தினேன். கறி புளிக்கப் புளிக்க எண் இறங்க வேண்டும். மற்றவை இறங்க, அந்த இரண்டும் இறங்கவே இல்லை. நான் அறிவியல்காரன். உடனே மீட்டர் பழுது என்று முடிவு செய்தேன். கழுவி, துடைத்து, மறுபடி குத்தினேன். அதே எண். மூன்றாம் முறை குத்தப் போனபோது அவன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான். அறுத்த இடத்தில் கால்கள் தனியாகக் கிடந்தன. ஒன்றை எடுத்துக் குளம்பின் பிளவை விரித்துக் காட்டினான். உள்ளே கறுப்புச் சேறு. அண்ணாச்சி தோட்டம் செம்மண்.

சைக்கிளை மேலகரத்துக்கு மிதித்தேன். அண்ணாச்சி இல்லை. அவர் சம்சாரம், மயினி, இருந்தார். நான் கேட்டு முடிப்பதற்குள் அவரே சொன்னார், "ரெண்டு நாளும் சும்மாதான் நின்னுச்சு தம்பி. அவியளுக்கு மாடு சும்மா நிக்கத பாத்தா பொறுக்காது. நேத்து மத்தியானம் தெக்கு வயலுக்கு ஒரு சோடியப் பத்திட்டுப் போயிட்டாவ. சேத்துல தொளி உழவு அடிச்சு, சிற்றாத்துல குளிப்பாட்டிக் கூட்டியாந்தாவ." குளிப்பாட்டியதைச் சொல்லும்போது, நான் சந்தோஷப்படுவேன் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது.

அதற்குள் அண்ணாச்சியும் தோளில் மண்வெட்டியோடு வந்துவிட்டார். தலையை எங்கே முட்டிக்கொள்ளலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும், ஏதோ தவறு நடந்துவிட்டது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

"வேலைக்காவத்தான் பூட்டுனேன், இல்லன்னு சொல்லல" என்றார். "ஆனா அது மட்டுமில்ல தம்பி. அதுக ஆயுசு பூரா உழுத மாடு. கறிக்குப் போறதுக்கு முன்னால ஒரு மட்டம் சேத்த மிதிக்கட்டும்னு தோணிச்சு. நொகத்தப் பாத்ததும் ரெண்டும் தானா வந்து நின்னுச்சு."

என் பட்டம் போய்விட்டது அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்து, மயினி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று ஐந்தருவியின் அடியில் நின்று ஆழ்ந்து யோசித்தேன் என்று எழுத ஆசைதான். அருவியடியில் யாராலும் யோசிக்க முடியாது. பக்கத்து ஆளின் எண்ணெய் முதுகில் வழுக்காமல் நிற்பதே பெரும்பாடு. குளித்துவிட்டு வரும் வழியில், பஸ்ஸில்தான் யோசித்தேன். யோசித்தது நல்ல யோசனையும் இல்லை. சீட்டில் 'ஓய்வு' என்றுதான் இருக்கிறது. சென்னையில் குளம்பைப் பிளந்து பார்க்க யாரும் வரப்போவதில்லை. நாலு மாட்டின் சராசரியில் இரண்டு மாட்டின் சேறு கரைந்துபோகும்.

அம்மாவுக்கு வாசனை தெரியாத அளவுக்குக் குளித்தாகிவிட்டது, ஆனால் வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போனேன். அவன் கறி வெட்டும் கட்டையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நோட்டுல என்னலே எழுதிருக்க?"

ஓய்வு என்று எழுதியது அப்படியேதான் இருக்கிறது என்றேன்.

அவன் கழுவுவதை நிறுத்தவில்லை. "கெழட்டு மாட்டைக் காட்டி எளங்கறின்னு வித்தா, வாங்கினவன் மறுநா கடைக்கு வந்து எங்கிட்ட சண்ட போடுவான். நீ விக்கதுக்கு எவன்லே வந்து சண்ட போடுவான்?"

அவன் கத்தியைத் துடைத்துவிட்டு, என் பையிலிருந்த நோட்டை எடுத்துக் கட்டையின் மேல் வைத்தான். ஈரக் கட்டை. நான் அங்கேயே, இரண்டு 'ஓய்வு'களையும் அடித்துவிட்டு 'உழவு' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் இன்றும் ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது.

சென்னையில் பேராசிரியையிடம் குளம்புச் சேறுவரை சொன்னேன். தசைகளின் குரலை எக்ஸ்ரே படச்சுருளில் பதித்துக் கழுவிப் பார்ப்போம் என்றார் அவர். களைப்பின் குரல் எந்த அளவு இருக்கிறதோ அந்த அளவுக்குக் கறுப்புப் பொட்டு விழும். ஓய்ந்த இரண்டில் பொட்டு இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருந்தது. நடந்த நாலிலும் சாம்பல் நிறம். உழுத இரண்டில் மை கொட்டினாற்போலக் கறுப்பு. சராசரி போட்டிருந்தால், நடந்த மாட்டுக்கும் ஓய்ந்த மாட்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று நான் உலகத்துக்கு அறிவித்திருப்பேன்.

இரண்டு மாட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் பேராசிரியை. ஆனால் நீட்டிப்புக்கு மேல் இன்னொரு நீட்டிப்பு கேட்டுக் கடிதம் எழுதினார். கல்லூரியில் யார் காலில் விழுந்து அதை வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "போய் அந்த விவசாயியை மறுபடி உழச் சொல்."

ஐப்பசியில் பிசான நெல்லுக்கு உழவு தொடங்கியது. கூட்டாளி மறுபடியும் மாடுகளைத் தந்தான். அண்ணாச்சியிடம் இந்த முறை எல்லாவற்றையும் விளக்கினேன், கிளப்புக்கடைப் போர்டு உட்பட. அவர் தலைகீழாக மாறிவிட்டார். உழுகிற சோடியைச் சொன்ன நேரத்துக்குப் பூட்டி, சொன்ன நேரத்துக்கு அவிழ்த்தார். ஓய்வு மாடுகளுக்குக் காவல் இருந்தார். தெருப்பிள்ளைகள் தோட்டத்தில் ஓடினால், "மாடு ஓய்வு எடுக்கு, அங்கன போய் வெளையாடுங்க" என்று விரட்டினார். நான் போனபோது என்னையே மெதுவாக நடக்கச் சொன்னார். பொட்டுகள் அதேபோல வந்தன. பட்டமும் வந்தது.

ஆய்வேட்டின் பிரதியைக் கூட்டாளிக்குக் கொடுத்தேன். இங்கிலீஷ் பக்கங்களை விரலை எச்சில் தொட்டுப் புரட்டி, பொட்டுப் படத்தில் நின்றான். எது எந்த மாடு என்று கேட்டான். சொன்னேன். "இத நான் அன்னைக்கே சொன்னம்லா" என்றான். சொன்னான்தான். திரவ நைட்ரஜன், படச்சுருள், மூன்று நீட்டிப்பு எல்லாம் சேர்ந்து அவன் பெருவிரல் பக்கத்தில் வந்து நின்றிருந்தன. நன்றிப் பக்கத்தில் அவன் பெயரைக் காட்டினேன். பிரதியைக் கல்லாவுக்கு மேலே, கறி ரத்தம் தெறிக்காத உயரத்தில் வைத்தான்.

அண்ணாச்சியிடமும் அவர் பெயரைக் காட்டினேன். மயினி கண்ணாடி போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். அண்ணாச்சிக்கு ஒரு குறை இருந்தது.

"மாடு உழுததெல்லாம் எழுதியிருக்கிய. அந்தத் தெக்கு வயல்ல அந்தக் கார் போகத்துல நெல்லு நல்லா வெளஞ்சுது. அத எழுதலியே தம்பி?"

ஆய்வேட்டில் அதற்கு இடமில்லை என்று அன்று சொல்லி வந்துவிட்டேன். இங்கே எழுதிவிடுகிறேன்: நெல் நன்றாக விளைந்தது.