மாரியம்மாளின் கையெழுத்து

முதியோர் கல்வி ஆசிரியர்களான எங்களுக்கு இன்று பாடத்திட்டம் தயாரிக்க ஒருநாள் பயிற்சி.

"மூன்று மாதத்தில் கற்பவர் தன் பெயரைக் கையெழுத்திடுவார்" என்று படிவத்தில் இலக்கு எழுதியிருந்தேன். "அடிபொளி! பிரமாதம்! இலக்குன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார் பயிற்சியாளர். கைதட்டல் வேறு.

திரும்பும்போது பழவங்காடியில் என் வகுப்பு மாணவி மாரியம்மாள் ஓடி வந்தார். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்.

"டீச்சரே, நேத்து முதலாளி நீட்டுன பேப்பர்ல நானே கையெழுத்துப் போட்டேன்!"

எனக்குக் காட்டுவதற்காகவே போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அழகான கையெழுத்து. அதற்கு மேலே மலையாளத்தில், 'சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விடுகிறேன்.'

"வாசிச்சுக் காட்டச் சொல்லலையா?"

"கைநாட்டு வைக்கும்போதெல்லாம் கேப்பேன் டீச்சரே. இப்பம் எழுதப் படிச்சாச்சுல்லா, கேக்க வெக்கமா இருந்துச்சு."

அந்த ஒரு வரியை அவருக்கு வாசித்துக் காட்ட எனக்கு வெகுநேரம் பிடித்தது.

நாளைக் காலை இருவரும் முதலாளியைப் பார்க்கப் போகிறோம். மாலை வகுப்பில் எழுத்து கிடையாது. "வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்" என்று எல்லோரையும் உரக்கச் சொல்ல வைக்கப் போகிறேன்.

படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லை. கைதட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், எங்கே எழுதுவதென்று சொல்லுங்கள்.